புகார் எண் 2118

மூன்றாம் மாடியில் ஒருவன் நடக்கிறான்.
முகம் இன்னும் வரையவில்லை,
சாம்பல் நிறப் பொம்மை.
ஆனால் அவன் பூட்ஸுக்கு
நாற்பத்திரண்டு காலடிகள் தயார்:
ஈரப் பலகையில், கண்ணாடிச் சில்லில்,
ஓட்ரா ஆற்றங்கரையில் பூட்டிக் கிடந்த சர்க்கரை ஆலையில்
ஜனவரியில் விரல் விறைக்க நானே நடந்து
நானே பதிவு செய்தவை.

கேட்பவன் தரைத்தளத்தில்,
ஒரு பீரோவுக்குப் பின்னால்.
மூன்று தோட்டா.
எங்கள் விளையாட்டில் வரைபடம் கிடையாது,
எதிரியைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு அம்பு கிடையாது.
காதை நம்பு என்று
அட்டைப்பெட்டியில் அச்சடித்தாகிவிட்டது.

காலை ஒன்பதுக்கு பொகுஷின் புகார் வந்தது:
"மாடியில் நடப்பவன்
என் மடியில் நடக்கிறான்."

சிரித்தேன்.
பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு
அதே பீரோவுக்குப் பின்னால் போய் நின்றேன்.
சிரிப்பு நின்றது.
இடம் உண்டு, வலம் உண்டு.
மேல் என்று ஒன்று இல்லவே இல்லை.
ஐந்து மாடிக் கட்டடத்தைச்
சப்பைத் தகரமாக நசுக்கி வைத்திருந்தேன்.
பக்கத்து அறைக் கதவை இழுத்துச் சாத்தினால்
உள்ளே அழும் குழந்தை
அதே சத்தத்தில் அழுதது.
சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
என் சுவருக்கு உடம்பே இல்லை.

பதினோரு நாள்.
காதில் இத்தனை மடிப்பு
கம்மலுக்காக அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.
உயரத்திலிருந்து இறங்கும் ஒலி
அந்த மடிப்பில் ஒருமுறை இடறுகிறது,
இடறியதில் குரல் கொஞ்சம் மெலிந்து
உள்ளே போகிறது.
அந்த இடறலை எண்களாக எழுதினேன்.
கதவுக்குத் தடிமன் கொடுத்தேன்.
படிக்கட்டு வளைவில்
ஒலியும் வளைந்து வரச் செய்தேன்.

கேட்டுப் பார் என்று பொகுஷைக் கூப்பிட்டேன்.
ஹெட்போனின் ஒரு கிண்ணத்தை இடது காதில் பொருத்தினான்,
மற்றதைப் பொட்டின்மேல் தள்ளிவிட்டான்.
"வலது காது போய் இருபது வருஷம், யாக்னா.
புத்தாண்டு இரவு, ஒப்போலேயில், ஒரு பட்டாசு."
டீ ஆறிவிட்டது என்பதுபோலச் சொன்னான்.

ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவது
அவனுக்கு வாய்க்கவில்லை.
வாங்கியதெல்லாம் உள்ளேயே கிடக்கிறது.

அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தாய்?
"சுற்றுவேன்.
சத்தம் பெருத்தால் நல்ல பக்கம்,
இளைத்தால் செத்த பக்கம்.
தலைக்கு நேர் மேலே இருப்பவன்
எத்தனை சுற்று சுற்றினாலும் மாறக் கூடாது.
உன் ஆள் மாறினான்."

நான் இரண்டு காதோடு ஒன்றரை வருஷம்
அந்த வீட்டுக்குள் இருந்தேன்.
ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை பனி.
ஊர் முழுக்கக் கம்பளி போர்த்தியதுபோல் அமுக்கம்.
எங்கோ டிராம் மணி.
பின்னால், இடப்பக்கம், தூரத்தில்:
யோசிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது,
தெரிந்தது என்பதுகூடத் தெரியாமல்.
பொகுஷ் நின்றான்.
நடைபாதை நடுவில் கோழிபோல
அரை வட்டம் இப்படி, கால் வட்டம் அப்படி.
பின்னால் வந்த ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே
சுற்றிக்கொண்டு போனாள்.
பிறகு என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தான்.
"அங்கே."
விளக்குகள் அந்த வளைவில்தான் வந்தன.

வீட்டு வாசல்வரை
வலது காதைக் கையுறையால் பொத்தியபடி நடந்தேன்.
உலகம் முழுவதும் ஒரே பக்கம் வந்து
தோளோடு ஒட்டி நின்றது.
நாய் குரைத்தது.
எந்த நாய், எங்கே,
சுற்றினேன், சுற்றினேன்,
சாவியைப் பனியில் தவறவிட்டேன்.

மறுநாள் எண் 2118
மூடப்பட்டிருந்தது.
கீழே அவன் கைப்பட ஒரு குறிப்பு:
"இப்போது மாடியில்தான் நடக்கிறான்.
பயமாக இருக்கிறது.
என் மடி காலி."